புள்ளிக்கு ஒரு மணி: கொடை கேட்டு ஒரு பாட்டுக் கட்டுவது எப்படி?

காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் ஊர். ஊருணி தூர்ந்து போய், படித்துறையில் பாதிக்கு மேல் வண்டலுக்கு அடியில் புதைந்து கிடந்தபோது, பணம் திரட்ட ஒரு பாட்டுப் போடலாம் என்று நாலைந்து பேர் கிளம்பினோம். முதல் பாட்டு படுதோல்வி. வாட்ஸ்அப்பில் கண்ணீர் விடும் முகங்களும் கும்பிடும் கைகளும் வந்து குவிந்தன, பணம் வரவில்லை. இரண்டாவது பாட்டு வேலை செய்தது. இரண்டுக்கும் நடுவில் நான் படித்தது, கேட்டது, திட்டு வாங்கியது எல்லாம் சேர்த்துத்தான் இது. பள்ளிக்கூடக் கூரை, பாதயாத்திரை அன்னதானம், யாருக்காவது மருத்துவச் செலவு என்று நீங்கள் எதற்குப் பாட்டுக் கட்டினாலும் வழி கிட்டத்தட்ட இதுதான்.

எங்கள் முதல் பாட்டின் பல்லவி இது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

தாகத்தில் வாடுது எங்கள் ஊரு – எங்கள்
சோகத்தைக் கேட்டிட யாரு யாரு
ஈரம் இருந்தால் ஈயுங்களேன் – எங்கள்
பாரம் குறைத்திட வாருங்களேன்

எதுகை மோனை எல்லாம் இருக்கிறது, பாடிய பிள்ளைக்கும் நல்ல குரல். எங்கள் தெருவில் கும்மி எடுத்துக் கொடுக்கும் ஆச்சி ஒருவரிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தேன் இருக்கு தம்பி. ஆனா இம்புட்டு அழுகுறீகளே, நான் எம்புட்டுக் குடுக்கணும், எதுக்குக் குடுக்கணும்னு ஒரு எடத்துலயும் சொல்லலையே" என்றார். அங்கேதான் எனக்குப் பாடம் ஆரம்பமானது.

முதல் படி: யார் யாரிடம் கேட்கிறார் என்பதை முடிவு செய்யுங்கள்

மெட்டு, ராகம், பாடகர் எல்லாம் அப்புறம். முதலில் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கிற சொற்கள்தான், ஆனால் தாழ்ந்தவர் கேட்டால் ஈ, ஒத்தவர் கேட்டால் தா, உயர்ந்தவர் கேட்டால் கொடு என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய பேச்சில் அந்த வரிசை அப்படியே இல்லை என்றாலும் அதன் வாசனை போகவில்லை. "ஈயுங்களேன்" என்று நாங்கள் எழுதியபோதே பாட்டைக் கேட்பவரை மேலே ஏற்றி, நாங்கள் கீழே இறங்கிக் கையேந்திவிட்டோம். மேலே இருப்பவருக்கு இரக்கம் வரும், வந்த இரக்கம் ஒரு கும்பிடு படத்தோடு தீர்ந்தும் போகும்.

அடுத்தது நாம், நாங்கள். இந்த வேற்றுமை தமிழ் நமக்குச் சும்மா கொடுத்த சொத்து. 1985 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில், மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுதி குவின்சி ஜோன்ஸ் தயாரிக்க, பெரிய பெரிய பாடகர்கள் ஒரே இரவில் ஒரே அறையில் கூடி எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பாடிய 'வி ஆர் தி வேர்ல்ட்' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். 6 கோடி டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது அது. பசித்தவர்களைப் பற்றிய பாட்டு என்றாலும் அவர்கள் அதில் அதிகம் வருவதில்லை, கேட்கிறவரையும் பாடுகிறவரையும் சேர்த்துக் கட்டும் 'வி' என்ற அந்தத் தன்மைப் பன்மைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் கேட்பவரைச் சேர்த்ததா சேர்க்காததா என்று இடம் பார்த்துத்தான் தெரியும். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, 'எங்கள் ஊருணி' என்றால் நீ வெளியே, 'நம்ம ஊருணி' என்றால் நீ உள்ளே. எங்கள் முதல் பாட்டில் எண்ணிப் பாருங்கள், நான்கு வரியில் மூன்று 'எங்கள்'. அந்தப் பாட்டு யாருக்குப் போனது? சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு! அவர்களையே வெளியே தள்ளிவிட்டு அவர்களிடமே கேட்டிருக்கிறோம்.

சரி, உள்ளே இருப்பவரிடம் எப்படிக் கேட்பது? அதற்குச் செட்டிநாட்டில் பழைய முறை ஒன்று உண்டு. நகரத்தார் ஊர்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் காரியம், ஊர்ப் பொதுச் செலவு வந்தால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. வியாபாரத்தில் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கி வைத்ததும் இதே மாதிரிதான். இதில் யாரும் யாருக்கும் இரங்குவதில்லை, அவரவர் பங்கை அவரவர் செலுத்துகிறார், புள்ளிக் கணக்கில் பேர் இருப்பதே ஊரில் தனக்கு இடம் இருப்பதற்கு அடையாளம். எங்கள் ஊரில் எல்லாச் சமூகமும் இருக்கிறது, தூர் வாரும் வேலை எல்லோருக்கும் பொது, அதனால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு புள்ளி என்று வைத்தோம். என் கட்சி இதுதான்: இரக்கத்தைப் பாடினால் கேட்பவர் பார்வையாளர் ஆகிறார், பங்கைப் பாடினால் பங்காளி ஆகிறார்.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள்

ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்களிடம் கையில் 5 டாலர் கொடுத்துவிட்டு, அதிலிருந்து தர்மத்துக்குக் கேட்டார்கள். ஒரு குழுவிடம் ஆப்பிரிக்காவில் இத்தனை லட்சம் பேர் பட்டினி என்று புள்ளிவிவரம், இன்னொரு குழுவிடம் மாலி நாட்டு ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியின் கதை. புள்ளிவிவரத்துக்குச் சராசரியாக 1.14 டாலர் வந்தது, ரோக்கியாவுக்கு 2.38. வேடிக்கை என்னவென்றால் ரோக்கியா கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடவில்லை, 1.43 ஆகக் குறைந்தது. எண் வந்தவுடன் மனம் கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறது.

நம் புலவர்களுக்கு இது தெரியாதா என்ன! புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் கேட்கப் போகிற பாட்டை (164) எடுத்துப் பாருங்கள். நாட்டில் வறுமை என்று எங்கும் சொல்லவில்லை. சமைப்பதையே மறந்துபோன அடுப்பு, அதில் காளான் பூத்திருக்கிறது. பாலில்லாத மார்பைச் சுவைத்துச் சுவைத்துக் குழந்தை அழுகிறது. தாய் குழந்தை முகத்தைப் பார்க்கிறாள், கண் நிறைய நீர். அவள் படும் பாட்டைப் புலவர் பார்க்கிறார். பார்த்து, உன்னை நினைத்து வந்தேன் குமணா என்கிறார். குழந்தையிடமிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து புலவருக்கு, புலவரிடமிருந்து குமணனுக்கு என்று பார்வை கைமாறிக்கொண்டே வந்து கடைசியில் கொடுக்க வேண்டியவர் முன்னால் நிற்கிறது. ஒரு கொடைப் பாட்டின் கட்டுமானம் முழுக்க அந்தச் சில வரிகளில் இருக்கிறது. எனக்கு இதை விட நல்ல பாடப் புத்தகம் கிடைக்கவில்லை.

ஒன்று கவனியுங்கள், புலவர் காட்டியது தன் சொந்த அடுப்பை. அடுத்த வீட்டு அடுப்பை அல்ல. சின்ன ஊரில் இது பெரிய விஷயம். தண்ணீர்க் குடத்தோடு தள்ளாடி நடக்கும் ஒரு பாட்டியைப் படம் பிடித்துப் பாட்டில் போடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அந்தப் பாட்டியின் மகன் துபாயில் இருக்கிறார், அந்த வீடியோ அவருக்குப் போனால் என்ன ஆகும்? வேண்டாம் என்று விட்டோம். அந்த 'ஒன்று' ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, பொருளாகவும் இருக்கலாம். நாங்கள் எடுத்தது படித்துறையில் ஒரே ஒரு செம்புறாங்கல் படி, ஊரில் முக்கால்வாசிப் பேர் சின்ன வயதில் உட்கார்ந்து காலை நனைத்த படி, இப்போது வண்டலுக்குள்.

மூன்றாம் படி: மானம் பார்க்கவும்

பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் அதே எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக 1984-ல் எழுதி, பிரிட்டிஷ், ஐரிஷ் பாடகர்களைக் கூட்டிப் பாட வைத்த 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்' பணம் திரட்டுவதில் பெரிய வெற்றி, மறுக்கவே முடியாது. ஆனால் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்று தெரியுமா என்று அந்தப் பாட்டு யாரைப் பற்றிக் கேட்டதோ அந்த எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு, அவர்கள் ஜனவரி 7-ல் தங்கள் கிறிஸ்துமஸைக் கொண்டாடுகிறவர்கள். ஆறே ஓடாத மண் என்று பாட்டு சொல்கிறது, நீல நைல் புறப்படுவதே அங்கிருந்துதான். அந்தக் கதி உனக்கு வரவில்லையே என்று கேட்பவரை நிம்மதிப்பட வைக்கும் ஒரு வரி வேறு. 2014-ல் எபோலாவுக்காகத் திரும்பப் பாடியபோது அந்த வரியை மாற்றினார்கள். அதாவது பணம் வந்தது, கூடவே ஒரு பொய்ப் படமும் உலகத்தின் மனதில் தங்கிவிட்டது.

அதனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காகப் பாடுகிறீர்களோ அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க முடியுமா? தலை குனிவார் என்று தோன்றினால் அந்த வரியை வெட்டுங்கள், எவ்வளவு நல்ல எதுகையாக இருந்தாலும்.

நான்காம் படி: எவ்வளவு என்று பாட்டுக்குள்ளேயே சொல்லுங்கள்

ஆச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். "தாராளமாகத் தாருங்கள்" என்றால் கேட்பவருக்குக் குழப்பம்: நூறு கொடுத்தால் கேவலமா, ஆயிரம் கொடுத்தால் ஏமாளியா? யோசிக்கும் நேரத்தில் மனம் ஆறிவிடும்.

எங்களுக்கு ஜேசிபி பேசிய வாடகை மணிக்கு 1,200 ரூபாய். அதையே அலகாக்கினோம், புள்ளிக்கு ஒரு மணி. கேட்டவுடன் ஆளாளுக்குப் புரிந்தது, என் பணத்தில் வண்டி ஒரு மணி நேரம் ஓடும், இவ்வளவு வண்டல் வெளியே வரும் என்று. அன்னதானம் என்றால் ஒரு இலை, கூரை என்றால் ஒரு ஓடு, எதுவாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற அலகாக இருக்கட்டும்.

ஆனால் 1,200 ரூபாய் எல்லோருக்கும் ஒன்றா? கூலிக்குப் போகிறவருக்கு அது இரண்டு நாள் உழைப்பு. இங்கே சியால்டினி என்ற உளவியல் பேராசிரியர் 1976-ல் செய்து காட்டியது உதவியது. வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டவர்கள் வழக்கமாகக் கேட்டபோது 28.6 சதவீதம் பேர் கொடுத்தார்கள், "ஒரு காசு கூட உதவும்" என்று ஒரு வாசகத்தை மட்டும் சேர்த்தபோது 50 சதவீதம் பேர். கொடுத்த தொகையும் குறையவில்லை, ஏனென்றால் உண்மையிலேயே ஒரு காசு கொடுக்க யாருக்கும் கூச்சம். நாங்கள் "கால்மணி ஆனாலும் நம்ம மணி" என்று ஒரு வரி சேர்த்தோம். 300 ரூபாய் கொடுத்தவர்களில் சிலர் நாலு பேராகக் கூடி முழு மணி ஆக்கினார்கள், இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

ஐந்தாம் படி: அழுகையை எங்கே நிறுத்துவது

மெட்டுக்கு வருவோம். சிவரஞ்சனி, முகாரி, சுபபந்துவராளி என்று சோகத்துக்குப் பேர்போன ராகத்தில் ஆரம்பித்து அங்கேயே முடித்தால் கேட்பவர் கனத்த மனதோடு எழுந்து போய்விடுவார். சோகம் காதைத் திருப்பும், கையை அசைக்காது. என் அனுபவத்தில் சோகத்துக்கு நாலு வரி போதும், அதற்குப் பிறகு மெட்டு நிமிர்ந்துவிட வேண்டும். மெல்லிசையில் போடுகிறீர்கள் என்றால் சரணத்தில் மோகனம் மாதிரி வெளிச்சமான ராகத்துக்கு மாறலாம்.

நாங்கள் கும்மிக்குப் போய்விட்டோம். காரணம் கைதட்டு. 2009-ல் வில்டர்மத், ஹீத் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து தாளத்தோடு நடந்தவர்களும் சேர்ந்து பாடியவர்களும் (கனடா நாட்டுப் பண்ணைப் பாட வைத்திருக்கிறார்கள்!) பின்னால் பணம் வைத்து ஆடிய விளையாட்டுகளில் மற்றவர்களை விடக் கூடுதலாக விட்டுக்கொடுத்து ஒத்துழைத்தார்கள். முளைப்பாரி அன்று வட்டம் கட்டிக் கும்மி அடித்தவருக்கு இதற்கு ஆய்வே வேண்டாம், அரை மணி நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் மேல் இருந்த பழைய மனத்தாங்கல்கூட மறந்துவிடும். கேட்கும் பாட்டை விடக் கூடப் பாடும் பாட்டு நல்லது. அதனால் பல்லவி கேள்வியும் பதிலுமாக இருக்கட்டும், ஒருவர் கேட்க, கூட்டம் பதில் சொல்ல.

ஆச்சி பாதி சொல்லி நாங்கள் பாதி கட்டி, கடைசியில் வந்தது இது:

வாசல் தெளிச்சது எந்தத் தண்ணி? – நம்ம
வடக்கு ஊருணித் தண்ணியடி
ஆத்தா குடம்வச்ச கல்லு எங்கே? – அது
அஞ்சடி வண்டலின் கீழேயடி
புள்ளிக் கொருமணி வண்டியடி – அது
புதைஞ்ச படியெல்லாம் மீட்குமடி
கொள்ளுப்பே ரன்வந்து கால்நனைக்க – நம்ம
கோடைக்கும் தண்ணி கிடக்குமடி

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் முதல் பாட்டில் இல்லாத எல்லாம் இதில் இருக்கிறது: நம்ம, ஒரு கல், ஒரு மணி, கொடுத்தால் என்ன நடக்கும் என்ற படம். 'ஈயுங்கள்' போயே போய்விட்டது, தாருங்கள் என்றுகூட இல்லை. புள்ளிக்கு ஒரு மணி என்று முறையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. சினிமா மெட்டில் வரி மாற்றிப் போட்டால் சீக்கிரம் பரவும் என்று ஆசை வரும். யூடியூபில் ஏற்றினால் மெட்டின் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் உரிமைக் கோரல் வந்து நிற்கலாம். கும்மி, தெம்மாங்கு போன்ற பொது மெட்டுகள் யாருக்கும் பயப்படாதவை.

ஆறாம் படி: யார் வாயால்

1971-ல் வங்கதேச அகதிகளுக்காக, பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் பாடிய பாட்டு அகதிகளிலிருந்து ஆரம்பிக்காது. ஒரு நண்பர் கண்ணில் சோகத்தோடு என்னிடம் வந்து உதவி கேட்டார் என்றுதான் ஆரம்பிக்கும். அந்த நண்பர் சிதார் கலைஞர் ரவிசங்கர், வங்காளி. தெரியாத ஊர்த் துயரம் தெரிந்தவர் முகம் வழியாக வருகிறது. ஊர்ப் பாட்டுக்கும் இதே கதைதான். விலைக்குக் கூப்பிட்ட பாடகரை விட ஊர் ஆச்சியின் கரகரத்த குரல் எங்களுக்கு வேலை செய்தது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டவுடன், "ஆச்சி இன்னும் பாடுறாகளா?" என்றுதான் முதலில் கேட்டார். பணத்தைப் பற்றி அப்புறம்தான் பேசினார்.

ஏழாம் படி: நெஞ்சுக்கும் கைக்கும் நடுவே தூரம் வைக்காதீர்கள்

1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேச, கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி என்று அறிவித்தார். அதே ஆண்டே கல்லூரி ஆரம்பமானது. கேட்டதும் கொடுத்ததும் ஒரே கூட்டத்தில். நம் பாட்டைக் கேட்பவர் எல்லோரும் அழகப்பர் இல்லை, இரண்டு நிமிடம் தள்ளிப்போனால் மறந்துவிடுகிறவர்கள், நானும் அப்படித்தான். எனவே வீடியோ என்றால் கடைசியில் மட்டும் இல்லாமல் பல்லவி வரும்போதெல்லாம் ஓரத்தில் கியூஆர் கோடு நிற்க வேண்டும். ஒலிப்பதிவு என்றால் அதே செய்தியில் கீழே யுபிஐ எண்ணும் பெறுபவர் பெயரும். நேரில் பாடினால் நோட்டும் பேனாவும் ரசீதுப் புத்தகமும் வட்டத்துக்குப் பக்கத்திலேயே.

மொய் வாசிப்பது மாதிரி மைக்கில் பேரும் தொகையும் சொல்லலாமா என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. சொன்னால் அடுத்தவர் கொடுப்பார், உண்மைதான். சொன்னால் கொடுக்க முடியாதவர் கூட்டத்திலிருந்து நழுவிப் போவார், அதுவும் உண்மை. பேரை மட்டும் வாசித்தோம், தொகையை விட்டுவிட்டோம்.

எட்டாம் படி: பாட்டு வெளிவரும் முன்பே காகிதம்

இதை முதல் படியாகவே வைத்திருக்க வேண்டும், ஆனால் முதலில் சொன்னால் யாரும் தொடர்ந்து படிக்க மாட்டீர்கள். ஹாரிசனும் ரவிசங்கரும் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடத்திய கச்சேரியின் டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் யூனிசெஃபுக்குப் போய்விட்டது. ஆனால் தர்மக் காரியம் என்று முன்கூட்டியே முறையாகப் பதிவு செய்யாததால், இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரும் பணம் வரிச் சிக்கலில் வருடக்கணக்காக முடங்கிக் கிடந்தது.

நம் ஊர் அளவில் பார்க்க வேண்டியவை: தனி ஆள் பேரில் கணக்கு வேண்டாம், இருவர் கையெழுத்துப் போடும் கூட்டுக் கணக்கோ அறக்கட்டளைக் கணக்கோ இருக்கட்டும். 80ஜி என்று எல்லோரும் சொல்லிப் பழகிய வரிச்சலுகை உண்டு என்று வாய் தவறியும் பாட்டில் சொல்லாதீர்கள், அந்த ஒப்புதல் பெற்ற அறக்கட்டளைக்குத்தான் அது, அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. வெளிநாட்டு உறவுகள் உள்ள செட்டிநாட்டுக்கு முக்கியமானது இன்னொன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை, ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு, அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். நம்ம அண்ணன்தானே என்று சட்டம் பார்க்காது. ஊருணி என்றால் ஊராட்சியின் அனுமதியும், வண்டலை வெளியே எடுக்க வருவாய்த் துறை அனுமதியும் கையில் வந்த பிறகே பாட்டை விடுங்கள்.

ஒன்பதாம் படி: கணக்கையும் பாடுங்கள்

பாடி முடித்தும் பாட்டு முடியாது. வேலை நடந்த பதினோரு நாளும் தினமும் சாயங்காலம் ஒரு படம் போட்டோம், இன்று இத்தனை மணி ஓடியது, இத்தனை படி தெரிகிறது என்று. நாலாம் நாள் அந்தச் செம்புறாங்கல் வெளியே வந்தபோது எடுத்த படத்துக்குக் கீழே, அதுவரை பேசாமல் இருந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். கொடுக்காத சிலர் அன்றுதான் கொடுத்தார்கள்.

கடைசி நாள் கரையில் வைத்து வரவு செலவை வாசித்தோம். ஜேசிபி, டிராக்டர், டீசல், டீ, வடை எல்லாம் ஒரு வரி விடாமல். மிச்சம் 340 ரூபாய் என்று சொல்லி நோட்டை மூடப் போனேன்.

"அந்த முந்நூத்து நாப்பதை என்ன செய்யப் போறீக தம்பி?" என்றார் ஆச்சி.

யாரும் யோசித்திருக்கவில்லை. கூட்டுக் கணக்கிலேயே கிடக்கட்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் வரத்துக்காலில் முளைக்கும் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்க ஆகும் என்று அங்கேயே முடிவு செய்து எழுதினோம். பாஸ்புக் பக்கத்தைப் படம் பிடித்து அன்று ராத்திரியே குழுவில் போட்டோம்.